ஆச்சி இல்லை, ஆச்சே!

மொன்றியலில் கத்திகளைப் பற்றிக் கத்தியக்கா அளவுக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அதே மொன்றியலில், வெங்காயம் வெட்ட ஒரு கத்தி இல்லாமல் மேல்வீட்டுக் கதவைத் தட்டுகிற ஒரே ஆளும் கத்தியக்காதான்.

அந்த மேல்வீடு என்னுடையது. வில்லரேயில், வெளியே இரும்புப் படி வளைந்து ஏறுகிற ஒரு பழைய வீட்டின் நடுமாடிக்கு நான் குடிவந்தது ஜூலை முதலாம் தேதி. நகரத்தில் பாதிப்பேர் கட்டிலையும் மெத்தையையும் தூக்கிக்கொண்டு வீடு மாறுகிற நாள். என் பெட்டிகள் இன்னும் பிரிபடவில்லை, கதவில் தட்டுச் சத்தம் கேட்டது. ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க, குள்ளமான, மூக்குக்கண்ணாடிக்கு மேலால் ஆளை அளக்கிற ஒரு பெண் நின்றார்.

“தம்பி, புதுசா வந்த ஆக்களோ? நான் கீழ்வீடு. ஒரு கத்தி இருக்கே?”

தேடி எடுத்துக் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். கூடவே ஓர் அறிக்கையும் வந்தது.

“தம்பி, குறை நினைக்காதையும். உதுக்கு ஒரு பரம்பரையும் இல்லை. கைப்பிடி பிளாஸ்டிக்கு. அலகு தகரம். உம்மைப் போல நல்ல பிள்ளையள் உதால வெட்டக் கூடாது.”

“அப்ப நீங்கள் ஏன் அக்கா வெட்டினனீங்கள்?”

“என்ர வீட்டில கத்தி இல்லையே!”

அடுத்த நாள் தேத்தண்ணி குடிக்கக் கீழே கூப்பிட்டார்கள். உள்ளே காலடி வைத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். முன்னறைச் சுவர் முழுக்கக் கத்தி. நான் எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொன்று. எல்லாம் சின்னச் சின்னக் கத்திகள். சிலவற்றின் அலகு என் நடுவிரலைவிட நீளமில்லை. ஒவ்வொன்றுக்கும் கீழே ஓர் இலக்கம், ஓர் அட்டை, அட்டையில் பொடி எழுத்தில் அதன் சாதகம்.

“எல்லாம் ஆச்சே” என்றார் அக்கா பெருமையாக.

“உங்கட ஆச்சியிட்ட இவ்வளவு கத்தி இருந்ததோ?” என்று கேட்டேன்.

குசினிக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. அது அவருடைய கணவர். நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். “தம்பி, உதை மட்டும் கேட்டிருக்கக் கூடாது” என்றார்.

“ஆச்சி இல்லை, ஆச்சே!” அக்காவின் குரல் ஏறியது. “சுமாத்திராத் தீவின்ர வடக்கு நுனி. எங்கட கடலில இறங்கி, கிழக்க பிடிச்சுப் போய், கொஞ்சம் தெக்கால திரும்பினா முட்டுற கரை. அந்தச் சனத்தின்ர கத்தி இது.”

இந்தக் குழப்பம் எனக்கு மட்டும் வந்ததில்லை. அந்த வீட்டுக்குள் வந்த தமிழர் எல்லோரும் ஆச்சியைத்தான் விசாரித்திருக்கிறார்கள். ஒரு மாமி சுவரைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஆச்சி நல்லாச் சமைச்சிருப்பா என்ன?” என்று கேட்டாராம். அக்கா அவருக்கு உலகப்படத்தை விரித்து முக்கால் மணி நேரம் விளக்கியிருக்கிறார். மாமி போகும்போது, “எண்டாலும் ஆச்சி கெட்டிக்காரிதான்” என்று சொல்லிவிட்டுத்தான் போனாராம்.

அக்காவுக்கு வேலை சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில். ஓடுகிற பட்டியில் வருகிற ஆயிரக்கணக்கான குளிசைகளில் விளிம்பு உடைந்ததை, நிறம் மங்கியதைக் கண்ணாலேயே பொறுக்கி எடுக்கிற வேலை. இருபது வருடம் குளிசை பார்த்த கண்ணுக்குக் கத்தி தப்புமா? கையில் எடுத்தால் முதலில் நிறை பார்ப்பார். பிறகு முகர்வார். பிறகு பூதக்கண்ணாடி. கடைசியாகப் பெருவிரலைப் பிடியில் வைத்து, இதற்கு முந்திய பெருவிரல்கள் எங்கே தேய்த்திருக்கின்றன என்று தடவிப் பார்ப்பார்.

“கத்தியைப் பாக்கிறதெண்டால் தேய்ஞ்ச இடத்தைப் பாக்க வேணும் தம்பி. தேயாத இடம் பொய் சொல்லும்.”

ஆச்சேக்காரரின் புகழ்பெற்ற ஆயுதம் ரெஞ்சோங் என்ற குத்துவாள். உலகத்துச் சேகரிப்பாளர் எல்லாம் அதற்குத்தான் அடிபடுவார்கள். யாரோ ஒருவர் அக்காவுக்கு ஒன்றை விலையில்லாமலே தருவதாகச் சொன்னபோது, அவர் கைகூப்பி மறுத்துவிட்டார்.

“சண்டை பிடிச்ச கத்தி எனக்கு வேண்டாம். அதுகளைக் கண்டு களைச்சுப்போய்த்தான் இஞ்ச வந்தனாங்கள். பிரம்பு சீவினது, பாக்கு வெட்டினது, மீன் துப்பரவாக்கினது, நூல் அறுத்தது. அப்பிடி வேலைக்குப் போய் வந்த கத்தி இருந்தால் தாங்கோ.”

இந்தக் கத்திகளால் களைத்துப்போனவர் அண்ணைதான். நாற்பத்தொரு கத்திக்கு நடுவே வாழ்கிற அவர், பாண் ரொட்டியைக் கையால் பிய்த்துத்தான் சாப்பிட்டார். வெள்ளரிக்காயை முழங்காலில் வைத்து முறித்தார். ஒருநாள் அவசரத்துக்குப் பன்னிரண்டாம் இலக்கத்தை எடுத்து ஓர் எலுமிச்சம்பழத்தை வெட்டிவிட்டார். அக்கா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினார்.

“புளி பட்டால் அலகின்ர முகம் போயிடும் எண்டு உங்களுக்குத் தெரியாதே?”

“என்ர முகம் போனதைப் பற்றி ஒருத்தரும் கேக்கேல்லை” என்றார் அண்ணை, என்னைப் பார்த்து.

வெளியே போனாலும் அக்காவின் கண் சும்மா இருக்காது. லவாலில் ஒரு கலியாண மண்டபம். மாப்பிள்ளையும் பொம்பிளையும் சேர்ந்து கேக்கின் மேல் கத்தியை வைத்துச் சிரித்தபடி நிற்கிறார்கள். படப்பிடிப்பாளர் ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறார். அக்கா மேடைக்கு ஏறிவிட்டார். “ஒரு நிமிசம் பிள்ளையள்” என்று கத்தியை வாங்கி, திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, “சீ, பூச்சுப் பூசினது” என்று திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கினார். அந்தத் தம்பதியின் அல்பத்தில் முழுப் பக்கப் படமாக இருப்பது அக்காதான்.

இத்தனைக்கும் தொடக்கம் ஒன்றாம் இலக்கம். பதினொரு வருடத்துக்கு முன் லொங்குய்யில் ஒரு வீட்டு முற்றத்தில் பழைய சாமான் விற்றார்கள். அக்கா போனது இட்லிப் பானைக்குப் பொருத்தமான ஒரு மூடி தேடி. வீட்டுக்காரக் கிழவி ஒரு பெட்டி குசினிச் சாமானைத் தூக்கிக் கொடுத்து, “என் அப்பா மாலுமி, இதெல்லாம் கிழக்கே இருந்து வந்தது” என்றாராம். பெட்டிக்குள் மூடி இல்லை. பறவைத் தலை போல வளைந்த எருமைக்கொம்புப் பிடியோடு ஒரு சின்னக் கத்தி இருந்தது.

அது எந்த ஊர் என்று கண்டுபிடிக்க அக்காவுக்கு மூன்று வருடம் பிடித்தது. நூலகத்திலே புத்தகம் புத்தகமாகப் புரட்டினார். இணையத்தில் ஒரு சேகரிப்பாளர் குழுவில் சேர்ந்தார். அங்கிருந்த தாடிக்காரர்கள் அவரை ஓய்வுபெற்ற கப்பல் தளபதி என்று நினைத்து ‘சேர்’ போட்டுத்தான் எழுதினார்கள். கடைசியில் பிடியின் வளைவை வைத்து ஆச்சே என்று அக்காவே தீர்ப்புக் கூறினார். அலகில் தேய்ந்துபோன ஓர் அடையாளம் இருந்தது. ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. வட்டம் சூரியன், பெருக்கல் நட்சத்திரம், இது ஒரு பெரிய கொல்லர் குடும்பத்தின் முத்திரை என்று ஒன்பது பக்கக் கட்டுரை எழுதிக் குழுவில் போட்டார். இவ்வளவு காலமாகியும் அந்த அலகு துருப்பிடிக்காததற்குக் காரணம் அந்தக் கொல்லரின் கைராசி என்று அதில் ஒரு தனிப் பந்தியே இருந்தது. தாடிக்காரர்கள் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். அன்று தொடங்கி ஆச்சே, ஆச்சே, ஆச்சே. மற்ற நாற்பதும் இந்த ஒன்றுக்குத் துணையாக வந்தவைதான்.

ஒரேயொரு குறை அக்காவுக்கு இருந்தது. ஆச்சேக்காரர் ஒருவரைக்கூட அவர் கண்ணால் கண்டதில்லை.

அதைத் தீர்த்து வைத்தது நான். நல்லது செய்கிறேன் என்று நினைத்துத்தான் செய்தேன். என் அலுவலகம் லொங்குய்யில், மஞ்சள் மெற்றோ போய் நிற்கிற இடத்தில். போன மார்கழிக்கு முந்தின மார்கழியில் அங்கே புதிதாக ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். பெயர் நூர். மதிய இடைவேளையில், எந்த நாடு என்று கேட்டேன். இந்தோனேசியா என்றாள். எந்தப் பக்கம் என்றேன்.

“உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஆச்சே என்று ஓர் இடம்.”

என் கையிலிருந்த கோப்பி மேசையில் ஊற்றுப்பட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நூர் வில்லரேக்கு வந்தாள். அக்கா கலியாணத்துக்குக் கட்டுகிற சேலை கட்டியிருந்தார். சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, நாற்பத்தொரு கத்தியையும் இலக்க வரிசையில் அடுக்கியிருந்தார். பனியைத் தட்டிவிட்டு உள்ளே வந்த நூர், மேசையைப் பார்த்து ஓர் அடி பின்னால் போனாள். பாவம், தன்னைச் சாப்பிடக் கூப்பிட்டதாக நினைத்திருந்தாள். தானும் ஒரு பெட்டியில் பலகாரம் கொண்டுவந்திருந்தாள்.

“இது என்ன?” என்று அக்கா கேட்டார். அக்காவின் பிரெஞ்சு தொழிற்சாலைப் பிரெஞ்சு. வினைச்சொல் குறைவு, சத்தம் கூட.

“அப்பம்” என்றாள் நூர்.

அக்கா அண்ணையைப் பார்த்தார். அண்ணை பெட்டியைத் திறந்து பார்த்தார். அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் மணக்க, உள்ளே இருந்தது அப்பமேதான்.

“கேட்டியளோ? அப்பமாம்! நான் சொன்னனான்தானே, கடலுக்கு அங்கால கரையெண்டு!” அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணைக்கும்தான். அப்பம் சாப்பிடக் கத்தி தேவையில்லை என்ற சந்தோசமாக இருக்கலாம்.

பிறகு அக்கா ஒவ்வொரு கத்தியாகத் தூக்கிக் காட்டி நூரைக் கேட்கத் தொடங்கினார். நூருக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் பட்டணத்தில் பிறந்து வளர்ந்தவள். “எங்கள் வீட்டில் அம்மா சுப்பர்மார்க்கெட் கத்திதான் வைத்திருந்தார்” என்றாள். அக்காவின் முகம் விழுந்ததைப் பார்த்து அவளுக்கே பொறுக்கவில்லை. “கிராமத்தில் என் பெரிய மாமா இருக்கிறார். தச்சுவேலை செய்தவர். அவரைக் கேட்போமா?” என்று தொலைபேசியை எடுத்துத் தேத்தண்ணிப் போத்தலில் சாய்த்து வைத்தாள்.

எங்களுக்குக் காலை ஒன்பது, மாமாவுக்கு இரவு ஒன்பது. திரையில் தொப்பி போட்ட, எழுபது தாண்டிய, சாறம் கட்டிய ஒருவர் கொட்டாவி விட்டபடி வந்தார். மேசையைக் கண்டதும் கொட்டாவி பாதியில் நின்றது.

மாமா சொல்வதை நூர் பிரெஞ்சில் சொல்ல, அக்காவுக்கு விளங்காததை நான் தமிழிலும், அக்காவின் பதிலைப் பிரெஞ்சிலும் சொன்னேன். இரண்டாம் இலக்கம் சரி. மூன்றாம் இலக்கம் சரி. நாலும் ஐந்தும் சரி. ஒவ்வொரு சரிக்கும் அக்கா ஓர் அங்குலம் வளர்ந்தார். ஏழாம் இலக்கத்தில் மாமா இல்லை என்று தலையாட்டினார். அது பாக்கு வெட்டுகிற கத்தி என்றார். அட்டையில் பிரம்பு சீவுகிற கத்தி என்றிருந்தது.

“நோன், மெஸ்யே!” என்று பிரெஞ்சில் மறுத்தார் அக்கா.

நூர் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. திரையில் மாமாவின் புருவம் ஏறியது.

“அவருக்குச் சொல்லும் பிள்ளை. அலகு ஒரு பக்கம் மட்டும்தான் தீட்டியிருக்கு. பிடியின்ர அடிப்பக்கம் பளபளத்துப்போய்க் கிடக்கு, முழங்கை அண்டி அண்டித் தேய்ஞ்சது. பாக்கு வெட்டுறவன் முழங்கையை வைச்சே வெட்டுறான்?”

ஆச்சேயில் பிறந்து ஆச்சேயில் வளர்ந்த ஒரு தச்சருக்கு ஆச்சேக் கத்தி தெரியாது என்று, ஆச்சேயை ஒருநாளும் பார்த்திராத ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் வில்லரேயில் நின்று சொல்கிறார். அண்ணை எழுந்து சன்னலடிக்குப் போய்விட்டார். மாமா தொலைபேசியோடு எழுந்து, செருப்பைப் போட்டு, இருட்டில் நடந்து, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். நித்திரைக்குப் போன மனிதனை எழுப்பி, “உன்னுடைய கத்தியை எடுத்துக்கொண்டு வா” என்று சொன்னால் அவன் என்ன நினைப்பான்! வந்தவர் கூடை பின்னுகிறவர். நடுங்கிக்கொண்டுதான் வந்தார். அவர் கையில் இருந்தது ஏழாம் இலக்கத்தின் கூடப்பிறந்தது.

மாமா அக்காவுக்குச் சலாம் வைத்தார். அக்கா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்போடு, கடைசிக்கென்று ஒதுக்கி வைத்திருந்த ஒன்றாம் இலக்கத்தை இரண்டு கையாலும் எடுத்துத் திரைக்கு முன்னால் பிடித்தார்.

மாமா கிட்டப் பார்த்தார். எட்டப் பார்த்தார். பிடியைத் திருப்பச் சொன்னார். அலகைத் திருப்பச் சொன்னார்.

“இது எங்களுடையது இல்லை” என்றார்.

“பிடியைப் பாக்கச் சொல்லும்!”

“பிடி எங்கள் பக்கத்துப் பிடி மாதிரித்தான் இருக்கிறது. யாரோ பிறகு கொண்டுபோய்ப் பொருத்தியிருக்கிறார்கள். அலகு எங்களுடையது இல்லை.”

“முத்திரை! அந்தச் சூரியனையும் நட்சத்திரத்தையும் பாக்கச் சொல்லும்!”

மாமா தொலைபேசியைப் பக்கத்து வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு எங்கோ போனார். கூடை பின்னுகிறவரும் நாங்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். மாமா திரும்பி வந்தபோது கையில் ஒரு தேக்கரண்டி. அதன் காம்பைத் திரையில் அழுத்திப் பிடித்தார். அதிலே நாலு எழுத்துகள். ‘இனொக்ஸ்’, I-N-O-X. துருப்பிடிக்காத உருக்கு என்று உலகத்துக் கரண்டிகளிலெல்லாம் அடித்திருக்கிற அதே நாலு ஆங்கில எழுத்து. முதல் இரண்டையும் மாமா விரலால் மறைத்தார். மீந்தது ஒரு வட்டம். பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி.

நான் எழுத்தைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தேன். அவர் கத்தியை மெதுவாக வெள்ளைத் துணியில் வைத்தார். நூருக்கு நன்றி சொன்னார். தேத்தண்ணி ஆறிவிட்டது, புதிதாகப் போடுகிறேன் என்று குசினிக்குள் போனவர், நாங்கள் புறப்படும்வரை வெளியே வரவில்லை.

அந்தக் கிழமை முழுவதும் என் கதவு தட்டப்படவில்லை. அண்ணையைப் படியில் கண்டேன். “தொழிற்சாலைக்குப் போறா, வாறா. கதைக்கிறா இல்லை. பதினொரு வருசம் தம்பி” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “நேற்று தானே என்னைக் கூப்பிட்டு, பன்னிரண்டாம் இலக்கத்தை எடுத்துப் பாணை வெட்டுங்கோ எண்டா. எனக்குப் பயமாக் கிடக்கு. நான் தொடேல்லை.”

நூரைக் கூட்டிவந்தவன் நான்தானே. என் பிளாஸ்டிக் பிடிக் கத்தியைக் கழுவி எடுத்துக்கொண்டு, எட்டாம் நாள் கீழே போகலாமென்று கதவைத் திறந்தேன். அக்கா என் வாசலில் நின்றார். கையில் ஒரு தாள்.

“குழுவுக்கு எழுதினனான். பிழை திருத்திப் போட்டு அனுப்பும்.”

ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். ‘சேர்மாரே, ஒன்றாம் இலக்கம் ஆச்சேக் கத்தி அல்ல. அது ஒரு கரண்டியின் தம்பி. என் ஒன்பது பக்கமும் பிழை. மற்ற நாற்பதும் சரி. ஏழாம் இலக்கம் மிகவும் சரி. இப்படிக்கு, நான் தளபதி அல்ல, குளிசை பார்க்கிற பெண்.’

“அக்கா, உதைப் போடத்தான் வேணுமே?”

“விளிம்பு உடைஞ்ச குளிசையைக் கண்டும் விட்டனெண்டால் நான் என்ன வேலைக்காரி?” என்றார். பிறகு என் படியில் உட்கார்ந்தார். “தம்பி, நான் பிழையான விலாசத்தை வைச்சுக்கொண்டுதான் வெளிக்கிட்டிருக்கிறன். ஆனா போய்ச் சேந்த வீடு பிழையில்லை. கதவைத் திறந்து அப்பம் தந்தவையெல்லோ?”

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். நான் ஓர் எழுத்தையும் திருத்தாமல் அனுப்பினேன். தாடிக்காரர்கள் மூன்று நாளைக்குப் பிறகு, ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டு அலகுகளில் இருந்த வட்டங்களையும் பெருக்கல்களையும் பற்றிச் சந்தேகத்தோடு எழுதத் தொடங்கினார்கள். ‘சேர்’ என்பது ‘மேடம்’ ஆனது.

கதை இதோடு முடிந்திருக்கும், மாமா சும்மா இருந்திருந்தால். ஒரு மாதம் கழித்து நூர் அலுவலகத்தில் தலையில் கை வைத்தபடி வந்தாள். ஊரிலிருந்து அவளுடைய மாமி அழுதுகொண்டு அழைத்தாராம். மாமாவுக்கு என்னவோ ஆகிவிட்டதாம். காலையில் எழும்பிப் பூதக்கண்ணாடியோடு வீடு வீடாகப் போய், கண்டவர் கத்தியையெல்லாம் வாங்கிப் பெருவிரலால் தடவிப் பார்க்கிறாராம். வீட்டுச் சுவரில் இருபத்திரண்டு ஆணி அடித்துவிட்டாராம். மீன் வெட்டக் கத்தி கேட்டால், அது ஒன்பதாம் இலக்கம், தொடாதே என்கிறாராம். “அந்தத் தமிழ்ப் பெண் என் மனுசனை என்ன செய்தாள்?” என்று மாமி கேட்கிறார்.

இதை அக்காவுக்குச் சொன்னேன். வருத்தப்படுவார் என்று நினைத்தேன்.

“இருபத்திரண்டே? அதில கொம்புப் பிடி எத்தினையாம்?” என்று கேட்டார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு பேரும் திரையில் சண்டை. நூர் இல்லாத நாட்களில் மொழியும் தேவையில்லை. அவர் ஒரு கத்தியைக் காட்டுவார், இவர் “நோன், மெஸ்யே” என்பார். மாமியும் அண்ணையும் அந்தந்தத் திரையின் ஓரத்தில், ஒருவர் நிலைமையை ஒருவர் அறிந்தவர்களாய், தலையை மட்டும் ஆட்டிக்கொள்வார்கள்.

இந்தத் தை மாதம் அக்காவும் அண்ணையும் ஆச்சேக்குப் போயிருக்கிறார்கள். நாற்பது கத்தியும் பெரிய பெட்டியில், ஒவ்வொன்றும் காலுறைக்குள். விமான நிலையத்துக்குப் புறப்படும்போது அக்கா வீட்டுத் திறப்பை என் கையில் வைத்தார்.

“ஒருக்கா எட்டிப் பாத்துக்கொள்ளும் தம்பி. பூமரத்தையும் கவனியும்.”

இன்றோடு பதினாறு நாள். வேலை முடிந்து வந்ததும் கீழ்வீட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் என் படியில் ஏறுகிறேன். பூமரத்தையும் கவனித்துக்கொள்கிறேன். அது பிளாஸ்டிக். கிழமைக்கு ஒருமுறை தூசி துடைத்தால் போதும். நான் தினமும் துடைக்கிறேன்.